புனித மாலைக்குள் சேர வேண்டிய விண்ணப்பம்

நவம்பர் 14

வகுப்பில் ஆறு பேர். போன வருடம் ஒன்பது. இன்று விளி வேற்றுமை. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே வந்ததும் பல்கலைக்கழக டீன் அம்மாள் நிறுத்தினாள். "உங்க சமூகத்து அறக்கட்டளையோட நல்கைப் பணம் வந்தா உக்ரைனியப் பாடம் இருக்கும், ஒரிசியா. வரலைன்னா செப்டம்பர்ல பாடமும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது." வராதுதான். கனடாவின் இந்தச் சாஸ்கட்செவன் மாகாணத்தில் எந்தக் கல்லறைக்குப் போனாலும் எங்கள் எழுத்து. உயிரோடு படிக்க ஆறு பேர்.

நவம்பர் 29

விண்ணப்பம் பாதி முடிந்தது. பாடம் நடத்த ஒரு பகுதி, இங்கே குடியேறியவர்களின் பேச்சைப் பதிவுசெய்யும் ஆய்வுக்கு ஒரு பகுதி. உக்ரைனில் ஒரு பல்கலைக்கழகத்தின் கடிதமும் வேண்டும். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் விராவைப் போனில் கூப்பிட்டேன். என் ஆய்வில் கூட்டாளி, பத்து வருடச் சிநேகிதி.

"கரண்டு நாளைக்கு நாலு மணி நேரம் வந்தா பெரிய விஷயம்டி. முத்திரை வெச்சிருந்த அம்மா ஊரை விட்டே போயிட்டாங்க. எப்ப வேணும்?"

"ஜனவரி ஆறுக்குள்ள வந்தாப் போதும். அவசரமில்ல."

அறக்கட்டளை விதியில் தேதி என்று ஒன்று கிடையாது. ‘புனித மாலை விருந்துக்கு முன் செயலாளர் கையில் சேர வேண்டும்’ — 1958இல் எழுதியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு; அதற்கு முந்தின மாலை, ஜனவரி ஆறு. வருஷா வருஷம் அன்று காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இது யாருக்குத் தெரியாது?

டிசம்பர் 11

விராவிடமிருந்து ஒன்றும் இல்லை. அவள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்ததாம். பிழைத்திருக்கிறாள்.

டிசம்பர் 24

புதிய நாட்காட்டிப்படி எங்கள் முதல் புனித மாலை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பதார்த்தம் பரப்பி, முதல் நட்சத்திரத்துக்குக் காத்திருந்து சாப்பிட்டோம். எனக்குத்தான் எத்தனை பெருமை! வசந்தத்தில் சபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "மாஸ்கோ கொண்டாடுற நாள்ல நாம எதுக்குக் கொண்டாடணும்?" என்று கத்தியது நான். நாலே ஓட்டில் ஜெயித்தோம்.

அறக்கட்டளைச் செயலாளர் ஸெனோன் ஐயா அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "தேன் கோதுமை நல்லா வந்திருக்கும்மா" என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மனிதர் சமாதானமாகிவிட்டார் போல.

ஜனவரி 3

கடிதம் வந்துவிட்டது! குண்டுக்குப் பதுங்கிய மெட்ரோ நிலையத்தில் உட்கார்ந்து அனுப்பியிருக்கிறாள். "முத்திரை கோணலா விழுந்திருச்சு, மன்னிச்சுக்கோ. பயமில்ல, குளிர்லதான் கை நடுங்குச்சு." அச்செடுத்துப் பார்த்தபோது அழுகை வந்தது. மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டாள், புண்ணியவதி.

ஜனவரி 5

எழுதிவிடுகிறேன்.

ஸெனோன் ஐயா வீட்டுக்குப் போனேன். கோப்பை வாங்கிப் புரட்டினார்.

"இது எதுக்கும்மா?"

"நல்கை விண்ணப்பம் ஐயா. நாளைக்குத்தானே கடைசி?"

"நாளைக்கு என்ன?"

"புனித மா—"

வாயிலேயே நின்றுவிட்டது.

"அது முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சே. நீயும்தானே என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட?"

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஐயா?"

"நீ கேட்டியா? நாட்காட்டியை மாத்தணும்னு மைக்கைப் பிடிச்சது யாரு? நானா?"

ஐயோ. கொண்டாட்டத்தை மாத்துனேன், மேசைவிரிப்பை மாத்துனேன், பள்ளிக்கூட நாடகத்தக்கூட மாத்துனேன் — இது மட்டும் என் மண்டைல ஏறலியே! அங்க ஒருத்தி குண்டுக்கு நடுவுல முத்திரை தேடி அலைஞ்சா. நான் இங்க சூடா உக்காந்துக்கிட்டு அவசரமில்லன்னேன்.

ஜனவரி 6

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 18

அறக்கட்டளைக் குழு கூடியது. ஐந்து பேர். குழுவில் இருக்கும் ஐரீனா அக்கா போன் செய்தாள். "நானும் இன்னொருத்தரும் உனக்காக மன்றாடிப் பாத்தோம்டி. விதின்னா விதின்னுட்டாரு ஸெனோன். நேரத்துக்கு வந்தது ஒரே மனுதான்."

அது நடனக் குழுவின் மனு. சிவப்பு பூட்ஸ் வாங்கப்போகிறார்களாம். காலுக்குக் கிடைத்தது, நாக்குக்குக் கிடைக்கவில்லை.

தப்பு சொல்ல முடியுமா? அவர் தேதியை நகர்த்தவில்லை. நகர்த்தியது நான்.

பிப்ரவரி 2

டீன் அம்மாளின் கடிதம். மூன்று வரி. இரண்டாவதில் என் பெயர் தப்பு.

பிப்ரவரி 9

விராவிடம் இன்றுதான் சொன்னேன். மூன்று வாரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இங்க நாடே தேதியை மாத்திருச்சு. நீ ஜனவரின்னப்போ, அங்க இன்னும் பழைய வழக்கம் போலன்னு விட்டுட்டேன். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டி."

அவள் கேட்டிருக்க வேண்டுமாம்! திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 11

கடைசி வகுப்பு. ஐந்து பேர் வந்தார்கள். புத்தகத்தில் நாலு பாடம் பாக்கி. "மிச்சத்தை எங்க மேடம் படிக்கிறது?" என்று டானிகா கேட்டாள். பக்கத்து மாகாணத்தில் இருக்கிறது என்றேன். ஒன்பது மணி நேரக் கார் பயணம். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 20

அறையைக் காலி செய்தேன். இதுவரை பதிவுசெய்த பேச்சு நாடாக்களை நூலகம் வேண்டாமென்றுவிட்டது. இப்போது கார் கொட்டகையில் இருக்கின்றன.

செப்டம்பர் 16

புதிய வேலைக்கு வந்து இரண்டு வாரம். அகதிகளாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் மையம். பதினான்கு பேரில் பதினொருவர் உக்ரைனியர். இத்தனை பேரை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்த எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன். வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும் என்பது விதி. என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று பார்க்க, மேற்பார்வையாளர் இன்று பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் மோட்ரியா அம்மாவின் போன் அடித்தது. கெர்சோன்காரர், அறுபது வயது. மகன் போர்முனையில். அவனுக்கு எப்போது வாய்க்கிறதோ அப்போதுதான் கூப்பிடுவான்; இவர் திருப்பிக் கூப்பிட முடியாது. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று எங்கள் மொழியில் கேட்டார்: "டீச்சரம்மா, புள்ள கூப்பிடுறான். வெளிய போய்ப் பேசிட்டு வரட்டுமா?"

"ஆங்கிலத்தில் கேளுங்கள்" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஒரு சொல் கிடைத்தது. அடுத்தது கிடைக்கவில்லை. உதட்டை அசைத்து அசைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் போன் மணி நின்றுவிட்டது.

"மன்னிக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.