துரு என்று சொல்லு

தெஹியோவிட்ட
2008.02.17

அன்பு மகள் ரோஷானிக்கு அப்பா எழுதுவது,

மாதாவின் துணையில் நாங்கள் சுகம், நீயும் ஜப்பான் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர ஒரு வாரமாய் என் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை, ஸ்டோரில் ரப்பர் ஷீட் காயப்போடும்போதும் ரோட்டுப் பக்கமே பார்க்கிறேன். போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, கண்ணாடியில் துருவை மெல்லிசாய்ப் பூசித் தண்ணீரில் வைத்தால் வெயில் பட்டுத் தண்ணீர் பிரிந்து எரிகிற வாயு வருமென்று, வெறும் துருவில் கரண்ட் சரியாய் ஓடாததால் கொஞ்சம் டைட்டேனியம் கலந்து சுட்டதும் குமிழி முன்னைவிட அதிகம் வந்ததென்று. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மஹ்ரூப் நானாவின் தேத்தண்ணிக் கடையில், என் மகள் தண்ணீரில் இருந்து கேஸ் எடுக்கிறாள், பெற்றோல் மாதிரி எரியும் என்று சிங்களத்தில் சத்தமாய்ச் சொல்லிவிட்டேன். யுத்தத்தில் நாடு இருக்கிற நிலைமையில் தமிழன் பேசுகிற பேச்சா அது? இரண்டு பொலிஸ்காரர்கள் நம் லயத்து வீட்டுக்கே வந்து, மகள் எங்கே, என்ன கேஸ், யாருக்காகச் செய்கிறாள் என்று கேட்டார்கள். அம்மாதான் முன்னால் வந்து கூரைத் தகரத்தைக் காட்டி, "மலகட மஹத்தயா, மலகட" என்று சிங்களத்தில் சொன்னாள், துரு ஐயா, இந்தத் துருவைப் பற்றித்தான் பிள்ளை படிக்கிறாள் என்று. துருப்பிடிக்க வைக்க ஜப்பானுக்குப் போக வேண்டுமா என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். போனது நிம்மதிதான், ஆனால் உன் படிப்பைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஈஸ்டருக்கு வரும்போது அந்தக் கண்ணாடியில் இரண்டு கொண்டுவந்து நம் வாசல் வெயிலிலேயே காட்டுகிறேன் என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கம்பி ஒட்டிய கண்ணாடியைத் தமிழ்ப் பிள்ளையின் பையில் கண்டால் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் என்ன நினைப்பார்கள்? இந்த வருடம் நீ வரவே வேண்டாம் என்கிறாள் அம்மா, சொல்லிவிட்டு உன் கட்டிலைத் தட்டிப் போடுகிறாள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, உன் முகத்தைப் பார்க்க வேண்டும் மகள். கண்ணாடி அங்கேயே இருக்கட்டும், நீ மட்டும் வா. யார் கேட்டாலும் துரு என்று சொல்லு, அது பொய்யும் இல்லையே. கண்ணாடி சுடுகிற சூளைப் பக்கத்தில் பசியோடு நிற்காதே, கையைச் சுட்டுக்கொள்ளாதே.

ஆண்டவர் உன் கூடவே வந்து வீடு சேர்க்கட்டும். அடையாள அட்டையை மறக்காமல் கையிலேயே வைத்துக்கொள். குமிழி எப்படி எழும்புகிறதென்று இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாய்ச் சொல்லு.

இப்படிக்கு
வழி பார்த்திருக்கும் அப்பா
வே. பாக்கியநாதன்