ஐயம்பிள்ளைக்கு யார் சொல்வது?

என் பொன்னுவுக்கு,

நீ போய் ஒரு மாரியும் கடந்துவிட்டது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வாசித்த கல்வெட்டுப் பாட்டை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். கற்பில் சிறந்தவள், விருந்தோம்பலில் வல்லவள் என்றெல்லாம் புலவர் பாடியிருக்கிறார். உன் தம்பி ஐயம்பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. நாள் முழுக்க நீ அவனோடுதானே கிடந்தாய்? எரிச்சல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

அறியாத வயதில் அம்மை அவன் கண்ணை எடுத்தது. வளர்ந்தபின் வந்த காய்ச்சல் காதையும் கொண்டுபோனது. பேச்சு மட்டும் மிஞ்சியது. அவன் கேட்பது நம் எல்லாருக்கும் கேட்கும். நாம் சொல்லும் பதில்தான் அவனுக்கு எட்டாது. நீ அவன் கையிலும் தோளிலும் தொட்டுத் தொட்டு ஒரு பாஷையே உண்டாக்கி வைத்திருந்தாய். புகையிலைத் தோட்டத்தோடு கிடந்த எனக்கு அதில் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதுகில் இரண்டு தரம் தட்டினால் ‘ஓம், அப்படித்தான்’. மற்றதை ஒருத்தருக்கும் காட்டித் தராமல் ஏன் போனாய், பொன்னு? இதை உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவனை அழைத்து வந்து உன் நெற்றியில் கை வைக்க விடுங்கள் என்று உன் சித்தப்பாவிடம் சொன்னேன். உங்கள் அம்மா இறந்தபோது நீ அப்படித்தான் செய்தாயாம். அவர் கேட்கவில்லை. “அவனுக்கு என்ன விளங்கப் போகுது? சனத்துக்கு முன்னாலை கத்திக் குழப்பிப் போடுவான்” என்று பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். நான் கொள்ளிக்குடத்தோடு நின்றேன். என் சொல் அன்றைக்கு எடுபடவில்லை.

பறை அடித்தது அவன் உள்ளங்காலுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருந்து கேட்டான்:

“அக்கா, ஆரின்ரை வீட்டிலை பறை அடிக்குது?”

முற்றம் நிறைந்த சனத்தில் அவன் பாஷை தெரிந்த ஒருத்தர் இல்லை. எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு விடிந்தால் பொழுதுபட்டால் “அக்கா எங்கை?” என்ற கேள்விதான். உன் இனசனம் ஆளுக்கொரு உதவி செய்ய வந்தது. ஒருத்தி அவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள். ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். இன்னொருத்தி வாயைத் திறந்து சோற்றைத் திணித்தாள். அவன் தட்டிவிட்டதும் பேய் பிடித்திருக்கிறது என்றாள். எனக்கு அவளைத்தான் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. உன் சித்தப்பா இன்னும் ஒருபடி மேலே போனார். நீ பண்டத்தரிப்பு ஊருக்குப் போயிருப்பதாக அவனிடம் சொல்லிவைக்க வேண்டுமாம். பொய் சொல்வதற்காவது அவனோடு கதைக்கத் தெரிய வேண்டாமா? பிறகு அவனைக் கோயில் மடத்தில் விட்டுவிடலாம் என்றார். அவன் இங்கேதான் இருப்பான் என்று சொல்லிவிட்டேன்.

அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வண்டி கட்டியபோது ஐயம்பிள்ளையையும் ஏற்றினேன். சித்தப்பா வழி நெடுக முணுமுணுத்தார். கடலில் முழங்காலளவு தண்ணீரில் அவனை என் பக்கத்தில் நிறுத்தினேன். நீ வந்திருப்பதை அவனுக்குத் தெரிவிக்க அவன் விரலை உன் காப்பில் வைப்பாயே, அது என் ஞாபகத்தில் இருந்தது. மடியில் கொண்டு போயிருந்த உன் காப்பை அவன் கையில் கொடுத்தேன். அவன் முகம் மலர்ந்தது. மற்றக் கையால் உன்னைத் தேடினான். அந்தக் கையைப் பிடித்து, உன் சாம்பல் இருந்த மண்முட்டிக்குள் வைத்தேன்.

கனநேரம் அளைந்தான். எலும்புத் துண்டொன்று விரலில் பட்டதும் நின்றுவிட்டான்.

“அக்காவோ?”

முதுகில் இரண்டு தரம் தட்டினேன்.

“அப்ப அண்டைக்குப் பறை எங்கடை வீட்டிலையோ அடிச்சது?”

தட்டினேன்.

“ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்லை?”

சித்தப்பா கரைப் பக்கம் திரும்பி நின்றார். நானும் அவனும் சேர்ந்துதான் உன்னைக் கடலில் கரைத்தோம். வண்டியில் திரும்பும்போது வாய் விட்டு அழுதான். ஒருத்தரும் அடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து, என் கையிலிருந்து சோறு வாங்கித் தின்றான்.

இப்போது அவன்தான் எனக்கு வாத்தியார். ஒரு பொருளை அவன் கையில் வைப்பேன். அதற்கு நீ எங்கே தொடுவாய் என்று என் கையைப் பிடித்துக் காட்டுவான். கட்டைப் புத்தி எனக்கு. நேற்றுக் குளிக்க வா என்று தொட்டேன். “ஆட்டுக்கு என்ன வருத்தம், காய்ச்சலோ?” என்று கேட்டான். மூன்றாம் முறையும் பிழைவிட்டபோது கையில் ஓர் அடி போட்டான். நீயும் இப்படித்தான் அடி வாங்கினாயா? இதையெல்லாம் நீயாகக் கண்டுபிடிக்க எத்தனை காலம் எடுத்திருக்கும்? ஒரு நாளாவது என்னிடம் சொல்லி அலுத்துக்கொண்டாயா?

போன கிழமை சித்தப்பா வந்தார். வந்ததும் அவன் காதடியில் குனிந்து கத்தத் தொடங்கினார். “கத்தாதேங்கோ, மாமா. கையைக் குடுங்கோ” என்றேன். கூச்சத்தோடு நீட்டினார். ஐயம்பிள்ளை விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, மெலிஞ்சு போனியள்” என்றான். மனுசர் அந்தக் கையை விடவே இல்லை. அதற்காக அவர் மேலுள்ள கோபம் எனக்கு ஆறிவிட்டதென்று நினையாதே.

பொன்னு, நான் படித்ததையெல்லாம் அடுத்த வளவு வீட்டுச் சனத்துக்கும் காட்டிக்கொண்டு வருகிறேன். சிரிக்கிறார்கள், மறக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. எனக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு ஐயம்பிள்ளை என் தலைமாட்டில் இருப்பான். அவன் கேட்பதற்கு முந்தி அவன் கையைத் தொட்டுச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இருக்கும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மனுசன்,
ஐயம்பிள்ளையின் அத்தான்,
சின்னத்தம்பி
இணுவில்