கிளியும் வெள்ளிக்கிழமை போனும்

4.6.2004, வெள்ளி

வெக்கை. காற்றே இல்லை. ஷார்ஜாவிலிருந்து வந்து நான்கு நாள். லீவு இந்த மாசக் கடைசி வரைதான்.

ஜும்மா தொழுதுவிட்டு வந்தேன். சபீனா போன் பக்கத்தில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள். நாலு வயது. ஆறு மாசக் கைக்குழந்தையாக விட்டுப் போனவள். வாராவாரம் இந்த நேரத்துக்குத்தான் அங்கிருந்து கூப்பிடுவேன்.

"நான்தாம்மா வாப்பா. வந்துட்டேன்ல?"

"இல்ல. வாப்பா போன்ல இருக்காங்க."

என் மனைவி ஹமீதா அடுப்படியில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளையை மடியில் வைக்கத்தானே மூன்றரை வருஷம் ஏங்கிக் கிடந்தேன்.

7.6, திங்கள்

கோட்டுச்சேரியில் மச்சான் பட்ட தென்னையை வெட்டினார். பொந்தில் ஒரு கிளிக்குஞ்சு. தாயைக் காணோமாம். பழைய கூண்டில் போட்டுக் கொண்டுவந்தேன். இதைப் பார்க்கவாவது சபீனா பக்கத்தில் வருவாள் என்று ஓர் ஆசை. வாங்க வேண்டியது: கொய்யா, கம்பு, கூண்டுக்குக் கொக்கி.

கையை உள்ளே விட்டேன். கொத்திவிட்டது. ரத்தம். கதவுக்குப் பின்னால் நின்ற சபீனா உம்மாவிடம் ஓட்டம்.

ஹமீதா மஞ்சள் வைத்துவிட்டாள். "என்னாங்க, வந்ததும் வராததுமா புடிக்கப் போனா? பேசாம பக்கத்துல உக்காருங்க. அதுவா வரட்டும்."

சபீனாவிடமும் இதைத்தான் செய்தேன். வந்த அன்றே தூக்கினேன். கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள்.

13.6, ஞாயிறு

காலையில் கூண்டுப் பக்கம் சும்மா உட்கார்ந்தேன். வாட்சைக் கண்டு மிரள்கிறது. கழற்றிவிட்டேன். அத்தரும் பூசவில்லை. கம்பி இடுக்கில் கொய்யா. தொடவில்லை, திமிர். சபீனா நிலைப்படி வரை வந்தாள், போய்விட்டாள். மதியம் கொடுவா மீன். கரண்ட் பில் கட்டணும்.

19.6, சனி

கிளி கொய்யாவை வாங்கிவிட்டது! என் விரலிலிருந்தே! சபீனா கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்தாள்.

"கடிக்கலியா?"

என்னிடம்தான் கேட்டாள். அவளாகப் பேசிய முதல் பேச்சு.

"இல்லம்மா." அதற்குமேல் வாயைத் திறக்கப் பயம்.

25.6, வெள்ளி

புதன் ஃப்ளைட். பெட்டி பாதி கட்டியாச்சு.

ஜும்மா முடிந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனை டெலிபோன் பூத்தில் நுழைந்து என் வீட்டு நம்பரை அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வாப்பா! ஏன் பேசவே இல்ல? எங்க வூட்ல ஒரு மாமா வந்திருக்காங்க. கிளிக்குக் கொய்யா குடுக்குறாங்க. அவங்கள அது கடிக்காது. நீங்க எப்ப வருவீங்க?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்பவே வர்றேம்மா. பத்து எண்ணிட்டு வாசலைப் பாரு."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். உள்ளே ஓடிவிட்டாள்.

போச்சு. பின்னால் போகவில்லை. படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கன்னத்தோரம் ஒரு கொய்யாத் துண்டு. கையை மட்டும் நீட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"கடிக்கக் கூடாது, வாப்பா."

அசையாமல் வாயைத் திறந்தேன்.

இன்னும் ஐந்தே நாள்.