கேட்காமல் போனவள்

ஹெப்பகோடி
9 மார்ச் 2025

அடி தர்ஷினி,

நீயும் சரவணனும் நன்றாகத்தான் இருப்பீர்கள். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். அதனால்தான் ஹாஸ்டல் லீவில் எழுதிக்கொண்டதுபோலக் காகிதத்தில் எழுதுகிறேன்.

என் அப்பா இறந்த அன்று சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே வந்து நின்றவள் நீ. வந்ததும் ஃபேனை நிறுத்தினாய். அந்தப் புழுக்கத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அப்பாவின் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தாய். தலைக்கு இரண்டு தலையணை கொடுத்தாய். உங்கள் பக்கத்துச் சாங்கியம் போலிருக்கிறது என்றாள் சித்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூலையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய், பிறகு எழுந்து போய்விட்டாய்.

நேற்று அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காத்திருந்த இடத்தில் ஒரு பெண் மைக் பிடித்துக் கண்தானம் பற்றிப் பேசினாள். வீட்டில் யாராவது இறந்தால் கண் காய்ந்துவிடாமல் ஃபேனை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையை உயர்த்தி வையுங்கள், ஆறு மணி நேரத்துக்குள் எங்களைக் கூப்பிடுங்கள் என்றாள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "நம்ம தர்ஷினி செஞ்சது இதுதானேடி?" என்றாள்.

கண் வங்கியிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் போய்க் கேட்கிறாயே, என்னிடம் ஏன் கேட்கவில்லை? பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் மெஷினில் நின்றவர் என் அப்பா. கிழிந்த சட்டையைக்கூட யாருக்காவது ஆகட்டும் என்று துவைத்து எடுத்து வைப்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இப்போது எல்லாம் சாம்பலாகிவிட்டது. உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஒரு வரியாவது எழுது.

விஜி


விவேக் நகர்
14 மார்ச் 2025

என் விஜிக்கு,

திட்டு. நீ திட்டாமல் வேறு யார் திட்டுவார்கள்?

உன் கிரகப்பிரவேசத்தன்று அடுப்படியில் நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும். "நீ எப்ப வேணா வா தர்ஷி, ஆனா இந்த வீட்டுல அந்தக் கண்ணு பேச்சு மட்டும் வேணாம்டி. அப்பா அம்மா வயசானவங்க, எனக்கு பயமா இருக்கு." நான் கோபித்துக்கொள்ளவில்லை, சரி என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு இதெல்லாம் பழக்கம். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் இருமலை அடக்கிக்கொள்கிற மாமாக்கள் இருக்கிறார்கள். சரவணனும் நான் வந்தவுடன் எதுவும் கேட்கமாட்டார். வெந்நீர் போட்டு வைத்துவிட்டு டீ வைக்கப் போய்விடுவார். குளித்துவிட்டு வந்தால் நான் சாதாரண மனுஷி. சனிக்கிழமை ஷட்டில் ஆடுவேன், பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஃபிராக் தைப்பேன். உன் வீடும் எனக்கு அப்படியொரு இடம்.

அன்றைக்குக் கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. வாய்தான் வரவில்லை. நீயாக அந்தப் பேச்சை எடுப்பாய் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை என் பக்கம் வந்தாய். "காப்பி குடிக்கிறியா?" என்றாய். எழுந்து வந்துவிட்டேன்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், அப்பாவின் கண்களை விட்டுவிட்டேன். எது சரி என்று எனக்கே தெரியவில்லை. இனி உன் வீட்டுக்கு நான் வரலாமா கூடாதா, நீயே சொல்.

தர்ஷினி


ஹெப்பகோடி
16 ஏப்ரல் 2025

தர்ஷி,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் இன்னும் கூடியது. என் பேச்சையே என்மேல் திருப்பிவிட்டாளே என்று பதில் எழுதாமல் இருந்தேன். அந்த வீம்பெல்லாம் போன வாரம் போயிற்று.

எதிர் வீட்டு கோவிந்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நான்தான் முதலில் ஓடினேன். ஃபேனை நிறுத்தினேன், பஞ்சு வைத்தேன், தலையணை வைத்தேன். பிறகு அவர் மனைவி லட்சுமம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டும், அவ்வளவுதான். "அக்கா" என்றேன். நம்பமாட்டாய், "காப்பி கொண்டு வரட்டா?" என்று கேட்டேன்!

கடைசியில் எப்படியோ கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! "பேடம்மா, ஹோகு" என்றாள். வேண்டாம், போ என்று. முந்தின நாள்வரை என் வீட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் வாங்கிப் போனவள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதைத்தானா தாயே நீ தினமும் செய்கிறாய்? இந்தப் பார்வையையெல்லாம் வாங்கிக்கொண்டா இங்கே வந்து என் பையன் யுவனோடு கேரம் ஆடிச் சிரித்தாய்? எனக்கு ஒரு தடவையே தாங்கவில்லை. உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது. இத்தனை வருஷம் அதை உன்னிடம் சொல்லாமல் இருந்தேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுதினேன் அல்லவா, அது நிஜமா என்று இப்போது தெரியவில்லை. நானும் உன்னைப் போ என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நீ வாடி. எந்தப் பேச்சு வேண்டுமானாலும் பேசலாம். அம்மா எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து தருகிறாளாம். லட்சுமம்மாதான் என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். என்ன செய்யட்டும், சொல்லேன்.

விஜி


விவேக் நகர்
22 ஏப்ரல் 2025

விஜிக்கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கத்தரிக்காயை நிறையச் செய்யச் சொல், சரவணனும் வருகிறார்.

எங்கள் ஆபீசில் பயிற்சி முடித்தவர்களே முதல் தடவை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். நீ கேட்டுவிட்டாய், பலே! வேண்டாம் என்ற பதில் எனக்கு அடிக்கடி வரும். பழகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, பாவம்.

லட்சுமம்மாவை என்ன செய்வது என்று கேட்டாய். எனக்குத் தெரியாதுடி. கொடுத்தவர்கள் வீட்டுக்கு நன்றி சொல்லப் போவேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒரு வீட்டுக்குக்கூட நான் திரும்பிப் போனதில்லை. துணிச்சல்காரி என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்கு அந்தத் துணிச்சல் மட்டும் வரவே இல்லை.

சாப்பிட்டதும் நாம் இரண்டு பேரும் லட்சுமம்மா வீட்டுக்குப் போவோம். எதுவும் கேட்க வேண்டாம், விளக்க வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். போ என்றால் வந்துவிடுவோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது விஜி. நீ முதலில் நுழை, நான் உன் பின்னால் வருகிறேன்.

உன்
தர்ஷினி