நாலு சாத்துக்குடிக்கு ஒரு டம்ளர்

காக்ஸ் டவுன், பெங்களூர்
22 ஏப்ரல் 1999

என் அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அம்மா எழுதுவது, ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், போன கடிதத்தில் சுகம் என்று எழுதியது ஒப்புக்கு எழுதியது, இந்த முறை நிஜமாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேரன் ஜோயலும் டொரொன்டோ குளிரில் எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைக்குச் சளி விட்டதா, அடுத்த பல் முளைத்ததா, எல்லாவற்றுக்கும் பதில் போடு. உனக்குச் சொல்ல ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதில் எனக்கு வெட்கக்கேடான ஒன்றும் இருக்கிறது, வரிசையாகத்தான் சொல்வேன், சின்ன வயதில் கதைப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே.

அப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது, மார்ச்சில் ஆபரேஷன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. மே மாதம் நீங்கள் ஜோயலின் ஞானஸ்நானத்துக்கு வருவதற்குள் கண் தெளிந்துவிட வேண்டும், பேரன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. நீ அனுப்பிய போட்டோவைத் தினமும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, மூக்கு யார் மாதிரிடி இருக்கு, என்று என்னைக் கேட்பார். உங்க மூக்குதான், என்பேன். பொய்தான், அது மாப்பிள்ளை வீட்டு மூக்கு. ஆனால் கண் ஆஸ்பத்திரியில் சுகர் வெறும் வயிற்றில் நூற்றிநாற்பதுக்குக் கீழே வந்தால்தான் கை வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் முதல் வாரம் போனால் இருநூற்றிப்பதினாலு, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் போனால் குறைவதற்குப் பதிலாக இருநூற்றிமுப்பத்தொன்று. இப்படியே போனால் ஜூன், ஜூலை ஆகிவிடும் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது உன் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே, அப்ப ஜோயல் வந்துட்டுப் போயிடுவான், என்று மட்டும் சொன்னார்.

இத்தனைக்கும் மனுஷன் ஈஸ்டருக்கு முந்திய இந்த லெந்து நாட்களில் இனிப்பையே விட்டிருந்தார். சாம்பல் புதனன்று ஜெபம் பண்ணிப் பொருத்தனை செய்து, காபியில் சர்க்கரை இல்லை, கேக் இல்லை, பிஸ்கட் கூட இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, உன் அப்பா கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுவதற்கு முன்பே பாயசம் எங்கே என்று கேட்கிற ஆள். எனக்கு ஒரே பாவமாகப் போய்விட்டது. நாக்கு செத்துப் போகுமே, தெம்பு வேண்டாமா என்று, அந்தக் குறை தெரியாமல் நான் பார்த்துப் பார்த்துக் கவனித்துக்கொண்டேன். மாத்திரையும் வேளை தவறவில்லை. அப்படியும் சுகர் ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? திருட்டுத் தீனி என்றுதானே அர்த்தம்! முப்பது வருஷம் கிளாஸில் பிட் அடிக்கிற பிள்ளைகளைப் பிடித்தவள் நான், என்னிடமா என்று ஆரம்பித்தேன். சட்டைப் பையைத் தடவினேன். வாக்கிங் போய்விட்டு வந்தால் கிட்டே போய் மோந்து பார்த்தேன். நம் முனை பேக்கரி பெர்னார்டிடம் போய், சார் வந்தாரா, என்ன வாங்கினார் என்று விசாரித்தேன். அவன் பாவம், பிரெட் மட்டுந்தான் டீச்சர் வாங்கினாங்க, நான் பன் குடுத்தாக்கூட வேணாம்னுட்டாங்க, என்றான். இவனையும் கையில் போட்டுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தாயா என் புத்தியை!

குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். கையில் ஓலையை வைத்துக்கொண்டே, லெந்து நாள்லயே பொய் சொல்ற மனுஷனை நான் பார்த்ததே இல்ல, பேரனைப் பார்க்கணும்ங்கிற ஆசை உங்களுக்கு நெஜமாவே இருந்தா வாயைக் கட்டியிருக்க மாட்டீங்களா, என்று கேட்டுவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்த மங்கல் கண்ணோடு. நான் ஒண்ணும் திங்கல லில்லி, என்றார். அதோடு மூன்று நாள் பேச்சே இல்லை. ஆனாலும் வேளாவேளைக்கு நான் ஜூஸைக் கொண்டுபோய் டொக்கென்று வைப்பேன், அவரும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். சண்டையிலும் என் கடமையை நான் விடவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

நம் டாக்டர் சேஷகிரி ஏற்கெனவே சொல்லியிருந்தார், மூன்று நாள் அவர் வாயில் போடுவது ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு புதன்கிழமை வாருங்கள் என்று. எழுதுகிற வேலை என்றால் எனக்குக் கேட்க வேண்டுமா! நோட்டில் மார்ஜின் போட்டு நேரம் போட்டு எழுதினேன், இதிலாவது குட்டு வெளிப்படும் என்று. காலையில் தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர், ஊறவைத்த பேரீச்சம்பழம் ஆறு. பத்து மணிக்கு சாத்துக்குடி ஜூஸ், நாலு பழம் பிழிந்தால்தான் ஒரு டம்ளர் நிறையும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே ஏலக்கி வாழைப்பழம் இரண்டு. நாலு மணிக்கு ஒரு கிண்ணம் திராட்சை. ராத்திரி படுக்கும் முன் சப்போட்டாவைப் பாலில் அடித்து ஒரு டம்ளர், பாயசம் இல்லாத குறைக்கு. சேஷகிரி சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். என் நோட்டில் சிவப்புப் பேனா! வட்டம் போட்டதெல்லாம் என் கையால் கொடுத்தது. ஏம்மா, கடையில வாங்குற இனிப்பை நிறுத்திட்டு வீட்டுக்குள்ளயே ஒரு ஸ்வீட் ஸ்டால் நடத்துறீங்களே, என்று சிரித்தார். டாக்டர், பழம் நேச்சுரல்தானே, ஆண்டவர் படைச்சதுதானே, கடைச் சர்க்கரையா என்ன, என்று நானும் விடவில்லை. பழம் நல்லதுதாம்மா, நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல, ஆனா உள்ள போனா ரத்தத்துக்கு அது கடைச் சர்க்கரையா காட்டுச் சர்க்கரையான்னு தெரியாது, நீங்க நாலு பழத்தோட சாறை மட்டும் குடுத்துட்டு சக்கையைக் குப்பையில போடுறீங்க, அந்தச் சக்கைதான் சர்க்கரையை மெதுவா ஏற விடுறது, நாலு சாத்துக்குடியை அவரால உரிச்சுத் தின்ன முடியுமா, ஒண்ணரைக்கு மேல தாடை வலிச்சிடும், என்றார். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தியா என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆட்டோவில் திரும்பும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அவர் மெதுவாக, ஏதேன் தோட்டத்துலயும் ஆதாமுக்குப் பழம் எடுத்துக் குடுத்தது வீட்டுக்காரிதான டீச்சரம்மா, என்றார். மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. ஜூஸ் பிழிகிற சாமானைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். பழம் உண்டு, ஆனால் கடித்துத்தான், ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, அதுவும் சோற்றுக்கு மேலே இல்லை, காலையும் சாயங்காலமும் தனியாக. ஒரு கொய்யா, இல்லை சின்ன ஆப்பிள் தோலோடு, இல்லை நாலு துண்டு பப்பாளி. திராட்சை என்றால் எண்ணிப் பதினைந்து. பேரீச்சம்பழத்தையும் தேனையும் மறந்தாயிற்று. பழக்காரர் கோவிந்தப்பாதான் பயந்துபோனார், யாக்கம்மா, மோசம்பி பேடவா, ஏன் சாத்துக்குடி வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்டுக் கூடையைத் திறந்து காட்டி, தன் பழத்தில் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு இரண்டு கொய்யாவைச் சும்மா போட்டார். நேற்று மறுபடி ரத்தம் கொடுத்தோம். வெறும் வயிற்றில் நூற்றிப்பதினெட்டு! கண் ஆஸ்பத்திரியில் வருகிற வியாழக்கிழமை காலைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் வந்து இறங்கும்போது ஆபரேஷன் கண்ணுக்குப் போடுகிற பச்சைத் துணி மறைப்பெல்லாம் எடுத்திருக்கும். ஸ்தோத்திரம்.

நீயும் கேட்டுக்கொள். காலையில் சமைக்க நேரமில்லை, அட்டை டப்பா ஆரஞ்சு ஜூஸ் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன், அது ஹெல்தி என்று எழுதியிருந்தாய். அதை விட்டுவிட்டு ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே ஓடு. ஜோயலுக்குப் பால் புட்டியில் ஆப்பிள் ஜூஸ் கொடுக்காதே, முளைக்கிற பல்லும் கெடும், நாக்கும் இனிப்புக்குப் பழகும். வாழைப்பழத்தை மசித்து ஸ்பூனில் கொடு, மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டால் பூசிக்கொள்ளட்டும். மே மாதம் பாதாமி மாம்பழம் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு துண்டு, அன்றைக்கு ஒரு கரண்டி சோறு குறைவு, இதுதான் சட்டம். உன்னிடம் கண்ணைக் காட்டிக் கெஞ்சுவார், இளகிவிடாதே.

இவ்வளவும் எழுதினேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் பிரிசி. அன்றைக்கு நான் சொன்ன சொல்லுக்கு அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளைகளை நூறு தரம் சாரி சொல்ல வைத்த வாய்க்கு இந்த ஒன்று வரமாட்டேன் என்கிறது. இப்போது அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் மங்கியதிலிருந்து உனக்குப் போகிற கடிதம் எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், அது வழக்கமாகிவிட்டது. படி படி என்கிறார். இந்த இடத்தை மட்டும் தாண்டிப் படித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தாண்டவில்லை. முழுவதும் படித்தேன், குருத்தோலை ஞாயிறையும் படித்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதியதையும் படித்தேன். கடைசி வரை கேட்டார். பிறகு, இதையும் எழுதிக்கோ, எனக்குச் சாத்துக்குடி ஜூஸு பிடிக்கவே பிடிக்காது லில்லி, கசப்பு, என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிக்காததை எதுக்குத் தினம் குடிச்சீங்க, ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காதே, என்று அப்போதும் சண்டைக்குத்தான் போனேன். அதற்கு உன் அப்பா, நீ சமையல்கட்டுல நின்னு ஒவ்வொரு கொட்டையா பொறுக்கிப் போட்டுட்டுப் பிழிவியே, கண்ணு மங்கலா இருந்தாலும் அது நல்லாத்தான் தெரிஞ்சுது, எப்படி வேணாம்னு சொல்றது, என்றார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை, மை கலைந்திருந்தால் கண்டுகொள்ளாதே. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதமும் முத்தங்களும், வழியெல்லாம் ஆண்டவர் கூடவே வந்து உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். வியாழக்கிழமை காலை நீங்கள் எழுந்திருக்கும்போது இங்கே ஆபரேஷன் முடிந்திருக்கும், கடிதம் தாமதமாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணு.

உன் அன்பு அம்மா,
லில்லி ஹெர்பர்ட்