சமையல் மேசையில் ஒரு கணினி

கிள்ளான்

என்னங்க,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை பஸ் இப்போதும் காலையில் நம் தெரு வழியாகத்தான் போகிறது. வேலை போனதிலிருந்து எனக்காக நிற்பதில்லை, அவ்வளவுதான். நான் நிதானமாகக் கோப்பி குடிக்கிறேன்.

சமையல் மேசையில் நானே ஒரு கணினி செய்துவிட்டேன்! கல்யாண அழைப்பிதழ் வடிவமைத்துச் சம்பாதிக்கலாம் என்று பார்த்தால், நம் பழைய லேப்டாப் தாங்கவில்லை. செராஸ் கணினிக் கடைக்காரர் நல்ல மனிதர். “அக்கா, மதர்போர்ட் செகண்ட் ஹேண்ட் போதும் லா. பவர் சப்ளை மட்டும் புதுசா வாங்குங்க. அது போச்சுன்னா மத்ததையும் சேர்த்துக் கெடுத்துடும்” என்றார். கணினியின் வெளிப்பெட்டி, பக்கத்து வீட்டு டொரத்தி தூக்கிப்போட வைத்திருந்தது.

எல்லாவற்றையும் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பிறகு கரண்டை நிறுத்தி, ரேமைக் கழற்றி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். திரையில் எழுத்து வந்தது! நான் போட்ட சத்தத்தில் டொரத்தி பயந்து ஓடி வந்தாள்.

நேற்று அவள் மகளின் அழைப்பிதழை முடித்துக் கொடுத்தேன். “ஏய், நீயா பண்ணே? கடையில செஞ்ச மாதிரியே இருக்கு லா!” என்று கட்டிக்கொண்டாள். சர்ச்சில் காட்டி இன்னும் இரண்டு பேரை என்னிடம் அனுப்பியிருக்கிறாள்.

கப்பல் வேலையில் இன்னும் ஓராண்டு இருக்கிறேன் என்றீர்களே, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இருப்பதை வைத்து இரண்டு பேரும் சாப்பிடலாம். வாங்க.

உங்கள் வீட்டுக்காரி