மிஸ் ஃப்ரீடாவின் விசிறி

சியாட்டில்
9 ஆகஸ்ட் 1954

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

நலம். நலத்துக்கும் மேலே! படகுப் பந்தயக் கோப்பை நம் வீட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் டெட்ராய்ட் படகுகள் ஆறும் என் படகு மிஸ் ஃப்ரீடா வாரியடித்த தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் பின்னால் வந்தன. போர்விமானத்து என்ஜின் எல்லாரிடமும் இருக்கிறது. நீ அரத்தால் ராவி ரயிலில் அனுப்பிய, படகைத் தள்ளுகிற வெண்கல விசிறி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அது சுழல ஆரம்பித்ததும், ஏரியைத் தொடவே மாட்டேன் என்று ஃப்ரீடா அடம்பிடித்தாள்.

எங்கள் தலைமை மெக்கானிக் ஆர்வில் அதைத் தடவிப் பார்த்து, அது வந்த பெட்டிமேல் இருந்த பெயரையும் படித்துவிட்டு, "யாருய்யா இந்த எஸ். மோவன்? அந்தக் கைக்கு மோதிரம் போடணும்" என்றான். எங்கள் சித்தப்பா என்று சொல்லிவைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தலைகால் புரியாமல் ஆடும் உன் அண்ணன்,
எய்னார்

டெட்ராய்ட்
2 செப்டம்பர் 1955

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டாவது கோப்பைக்கும் வாழ்த்து. பத்திரிகையில் உன் படம் பார்த்தேன், வாய் காது வரைக்கும் போயிருக்கிறது. கீழே, "எஸ். மோவன் என்ற முதியவர் செய்த விசிறி" என்று போட்டிருக்கிறான். முப்பத்தொரு வயதில் என்னைக் கிழவனாக்கிவிட்டாய், புண்ணியவானே!

போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் நான்கு வருஷம் அரம் பிடித்த கை இது. பக்கத்து வீட்டு போலந்துக்காரி, "ஏண்டி, மாவு பிசையிற நேரத்துல வெண்கலத்தை ராவிக்கிட்டிருக்கியே, உனக்கு என்னதான் கிடைச்சுது?" என்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆகஸ்டில் அங்கே வருகிறேன். "இதைச் செய்தவள் என் தங்கை" என்று உன் ஆட்களிடம் சொல். பெண் கால் பட்டால் படகு கவிழும் என்று துறைக்குள் விடமாட்டார்கள், தெரியும். வேலிக்கு வெளியே வந்தாவது சொல்.

உன் சித்தப்பா அல்லாத,
சிக்னே

சியாட்டில்
20 செப்டம்பர் 1955

அன்புத் தங்கைக்கு,

சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? ஆர்வில் அன்றைக்கே அதைக் கழற்றி ஏரியில் எறிவான். போன மாதம் ஒருவன் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு துறைக்குள் வந்துவிட்டாள் என்று அன்றைக்கு முழுக்க அவன் படகையே தண்ணீரில் இறக்கவில்லை. மூன்றாவது கோப்பையும் வரட்டும். அப்புறம் நானே தம்பட்டம் அடிக்கிறேன். கொஞ்சம் பொறு.

எய்னார்

டெட்ராய்ட்
18 ஜூலை 1956

அண்ணா,

பொறுத்தது போதும். ரிவர் டச்சஸ் படகின் சொந்தக்காரர் ஹார்ட்விக் வீடு தேடி வந்தார். "எங்களுக்கும் ஒரு விசிறி செஞ்சு குடுங்க, உங்க பேரை அதுலயே பொறிச்சுக்குங்கம்மா" என்றார். செய்து கொடுத்துவிட்டேன். டச்சஸ் ஜெயித்தால் கோப்பையோடு அடுத்த வருஷப் பந்தயமும் வழக்கப்படி எங்கள் ஊருக்கு வந்துவிடும். வரட்டும்!

ஆனால் இதைக் கவனமாகப் படி. உன் விசிறியோடு சேர்த்து வார்த்த இன்னொன்று போன வாரம் ஓட்டிப் பார்க்கும்போது முறிந்து படகின் அடியைக் கிழித்துவிட்டது. ஓட்டியவன் பிழைத்ததே பெரிது. உன்னுடையதைக் கழற்றிவிடு. வேறு எவன் செய்ததையாவது மாட்டிக்கொள். எதிரணிக்காரியின் தந்திரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ தோற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் நீ எனக்கு வேண்டும்.

சிக்னே

சியாட்டில்
7 ஆகஸ்ட் 1956

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். தந்திரம் என்றேதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் விசிறியோடுதான் இறங்கினேன். முதல் சுற்று எனக்கு, இரண்டாவது டச்சஸுக்கு. மூன்றாவதில் ஜெயிப்பவனுக்குக் கோப்பை. அதற்கு அரைமணி இருக்கும்போது நீ எழுதியது நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து நீ என்னிடம் சண்டை போட்டிருக்கிறாய், பொய் சொன்னதே இல்லையே!

ஆர்விலிடம் விசிறியைக் கழற்றச் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? ஓடுற குதிரையோட காலை ஒடிக்கச் சொல்றியே!"

"செஞ்ச ஆளே ஆபத்துன்னு எழுதியிருக்கு."

"யாரு, உங்க சித்தப்பாவா?"

"சித்தப்பாவும் இல்ல, பெரியப்பாவும் இல்ல. என் தங்கச்சி சிக்னே. ரெண்டு கோப்பையும் அவ கைவேலையில வந்ததுதான்!"

வானொலிக்காரன் மைக்கோடு பக்கத்திலேயே நின்றிருக்கிறான், பாவி. ஏரிக்கரை முழுக்கக் கேட்டுவிட்டது.

மாற்று விசிறியோடு ஓட்டினேன். இரண்டு படகு நீளத்தில் டச்சஸ் முந்திவிட்டாள். கோப்பையும் போயிற்று, அடுத்த வருஷப் பந்தயமும் உங்கள் ஊருக்குப் போயிற்று.

நேற்று உன் விசிறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். மயிரிழை விரிசல்கூட இல்லை. இன்னும் பத்துப் பந்தயம் ஓடியிருக்கும். "ஏமாத்திட்டாளா உன் தங்கச்சி?" என்றான் ஆர்வில். "இல்ல, பயந்துட்டா. திரும்ப எழுதினாலும் திரும்பக் கழட்டுவேன்" என்றேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.

ஊரே கொதிக்கிறது. ரொட்டிக் கடையில், முடிவெட்டும் கடையில், தேவாலய வாசலில், எங்கே போனாலும் "அந்த சிக்னே மோவனாலதான் எல்லாம் போச்சு" என்று ஒரே திட்டு. வசை வாங்கியே நீ பிரபலமாகிவிட்டாய் அம்மா. சியாட்டிலில் இப்போது உன் பெயர் தெரியாத ஆளே இல்லை.

உன் அண்ணன்,
எய்னார்